கை நீட்டுகிற அக்கா

போன மாதம் பாரிஸில் லாச்சப்பல் மெட்ரோ மேடையில் வைத்து என் மகள் என்னை அறைந்தாள்.

நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம். கதவு மூடப்போகிற மணியும் அடித்துவிட்டது. அப்போதுதான் இருந்த இடத்தில் குடையை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி ஒரு காலை ரயிலுக்குள் வைத்தேன். மகள் என் கோட்டைப் பின்னால் பிடித்து இழுத்தாள். நான் "விடு" என்றேன். அடுத்த கணம் அவளுடைய கை என் இடது கன்னத்தில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி கழன்று ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரயில் என் குடையோடு போய்ச் சேர்ந்தது.

மேடையில் எங்கள் ஆட்கள் குறைந்தது பத்துப் பேர் நின்றிருப்பார்கள். முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒரு அம்மா எனக்குக் கேட்கும்படியே "கலிகாலம்" என்றார். பத்தொன்பது வயதுப் பிள்ளை தகப்பனை அறைந்த செய்தி அன்று மாலைக்குள் பியர்ஃபித் புறநகரில் இருக்கும் மச்சானுக்குப் போய்விட்டது. அவர் தொலைபேசியில் வந்து பிள்ளை வளர்ப்பு என்று தொடங்கினார். நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறையை எனக்கு முன்பே தெரியும். அதே கன்னம். அடித்த பிறகு கையைக் கீழே போடாமல், இன்னொன்று வேண்டுமா என்று கேட்பதுபோல அப்படியே தூக்கி வைத்திருக்கிற அதே விதம். அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு கடைவாய்ப்பல் இல்லை. அதை எடுத்தவர் பல் வைத்தியர் அல்ல. மகளுக்கு அந்தக் கையைக் கொடுத்துவிட்டுப் போன மனுஷிதான்.

அவரை நாங்கள் அக்கா என்போம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இரண்டு மூன்று அக்காமார் கதையில் வந்து குழப்பம் ஏற்பட்டால் "கை நீட்டுகிற அக்கா" என்று சொன்னால் போதும், லாச்சப்பலில் எல்லோருக்கும் விளங்கிவிடும். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. சண்டை முடிந்த பிறகு தனியாக வந்தவர். நகைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் இருந்த மீன் கடையில் மீன் வெட்டினார்.

மீன் வெட்டுவது அந்தத் தெருவில் ஆண்களின் வேலை. வேலை கேட்டுப் போன அன்று முதலாளி சிரித்தாராம். அக்கா கத்தியை எடுத்து, மேசையில் கிடந்த பெரிய அறக்குளா ஒன்றின் தலையை ஒரே வெட்டில் எடுத்து முதலாளியின் பக்கமாகத் தள்ளி வைத்தாராம். அடுத்த நாள் தொடக்கம் வேலை. உயரம் இல்லை. வாட்டசாட்டமான ஆள் என்றும் சொல்ல முடியாது. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மட்டும் வேறு யாரோ ஒருவருடைய கையைக் கொண்டு வந்து பொருத்தியமாதிரி இருக்கும்.

நான் அவரைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், கேள்வி கேட்பார்கள். அதற்காக மீன் வெட்டிக்கொண்டே பாடமாக்குவார். வாங்க வந்தவர்கள்தான் வாத்தியார்மார். "கேளுங்கோ பாப்பம்" என்பார். குடியரசின் மூன்று சொற்கள் என்ன என்று கேட்டால், "லிபேர்த்தே" என்று ஒரு வெட்டு, "எகாலித்தே" என்று ஒரு வெட்டு, "ஃப்ரத்தெர்னித்தே" என்று மூன்றாவது. விளைமீன் நாலு துண்டாகிவிடும். அந்தக் கடதாசியில் அவருக்கு உயிர். "எனக்கு அந்தப் பாஸ்போட் வேணும் தம்பி. அதுக்குப் பிறகு ஒருத்தனும் என்னட்டைப் பேப்பர் கேக்கக் கூடாது" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்காது. வயதுக்கு மூத்த ஆண்களைக்கூட அடிக்கிற பெண்பிள்ளையை யாருக்குப் பிடிக்கும். அவர் கையால் வாங்கியவர்கள் பட்டியல் ஒன்று தெருவில் இருந்தது. அதில் முதலாமவர் அவருடைய முதலாளிதான்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. சுவரோடு சுவர். மீன் கடைக்குள் புகை வந்ததும் எல்லோரும் வெளியே ஓடினோம். நான் அன்று கணவாய் வாங்கப் போயிருந்தேன். தெருவுக்கு வந்த முதலாளி சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ரை போன் உள்ளுக்கை" என்று திரும்பினார். அக்கா தூக்கிய மீனோடு வெளியே வந்திருந்தார். அதை வைக்க இடமில்லாமல் வாலைப் பிடித்தபடி நின்றவர், அதே மீனால் முதலாளியின் காதைப் பொத்தி ஒன்று விட்டார். நாலு கிலோ மீன். மனுஷன் நடைபாதையில் குப்புற விழுந்தார். எழும்பப் பார்த்தார். இரண்டாவது அடி முதுகில். தீயணைப்புப் படை வந்து இறங்கியபோது எரிகிற கடையை விட்டுவிட்டு இவரைத்தான் முதலில் தூக்கினார்கள். காதுக்குள் செதில் இருந்ததைக் கண்டு அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முதலாளி அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. அந்த விலைக்கு அப்படி வெட்ட வேறு ஆள் கிடைக்காது.

இன்னொன்று இதைவிடப் பயங்கரம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், சனம் நிறைந்த நேரம், பெடியள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து வாளாலும் போத்தலாலும் மோதிக்கொண்டார்கள். கடைகள் சட்டர் இழுத்தன. தோள் பிளந்த ஒருவன் இரத்தம் வழிய மீன் கடைக்குள் ஓடி வந்து விழுந்தான். அக்கா துவாயால் காயத்தை அமத்திக் கட்டினார். அவன் கொஞ்சம் மூச்சு விட்டதும் வெளியே பார்த்து, "என்ரை ஜக்கெற் அங்கை கிடக்குது, பேர்ஸ் அதுக்கை" என்று எழும்பினான். அக்கா வாசலை மறித்தார். அவன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து வீசினான். அக்காவின் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சதை திறந்தது. அக்கா மீன் வெட்டுகிற கத்தியைத் திருப்பி, அதன் தட்டைப் பக்கத்தால் அவன் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு உடைகிற சத்தம் சட்டருக்கு இந்தப் பக்கம் கேட்டது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பிறகு அவனைக் கவிழ்த்து முதுகில் ஏறி இருந்துகொண்டார். பொலிஸ் வரும்வரைக்கும் இருவருடைய இரத்தமும் மீன் தண்ணீரும் சேர்ந்து வாசலால் ஓடியது.

அந்தப் பெடியன் இப்போது பொண்டியில் குடும்பமாக இருக்கிறான். ஒருமுறை என்னிடம் சொன்னான்: "அண்ணை, என்னை வெட்டினவன்ரை முகம் மறந்திட்டுது. அக்கா அடிச்சது மறக்கேல்லை."

விசர் என்றுதான் நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். போரில் அடிபட்ட ஆள், தலையில் ஏதோ தட்டிவிட்டது, தள்ளி நின்றுகொண்டால் சரி. அடி வாங்கியவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. என் முறை வரும்வரை.

எங்கள் செபக் குழு வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து இத்தாலிக்கு யாத்திரை போகும். முதலில் பதுவா அந்தோனியார், பிறகு ரோமாபுரி. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்களும் போனோம். அக்காவும் வந்தார், முன் வாசலுக்குப் பக்கத்து இருக்கையில். பதுவாவில் மெழுகுதிரி கொளுத்தி, இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, ரோமாபுரிக்கு இறங்கும் வழியில் சாரதி பஸ்ஸை ஒரு மலையின் கீழே நிறுத்திவிட்டார். சட்டப்படி ஓய்வு எடுக்க வேண்டுமாம், மூன்று மணித்தியாலம் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டாராம். மலைக்கு மேலே செங்குத்தான பாறையில் ஓர் ஊர் இருந்தது. மழை தூறியது. அந்த ஊரின் அடியில் குகைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம் என்று ஒரு பலகை. மழைக்கு ஒதுங்கவும் ஆச்சு என்று குழுத் தலைவர் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தார்.

"மண்ணுக்குக் கீழை நான் வரேல்லை" என்றார் அக்கா.

"அப்ப நீங்கள் மேலை நில்லுங்கோ" என்றார் தலைவர்.

எல்லோரும் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியதும் அக்கா என்ன நினைத்தாரோ, கடைசி ஆளாக வந்து சேர்ந்துகொண்டார்.

வழிகாட்டி மெல்லிய, நல்ல மனிதர், கழுத்தில் சிவப்புச் சால்வை. பிரான்சுக்கு வர முன்பு நான் சிசிலியில் மூன்று வருடம் பாத்திரம் கழுவியவன், ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அந்த மலையின் கல் கத்தியால் சுரண்டினாலே உதிருமாம். அதனால் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆயிரக்கணக்கான வருடமாகத் தங்கள் வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கிணறு, ஒலிவ் எண்ணெய்ச் செக்கு, வைன் வைக்கிற கிடங்கு. ஒரு குகையின் சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாகக் குழிகள் இருந்தன. புறாக்கூடுகள். எதிரி கீழே முற்றுகையிட்டு நின்றாலும் பாறையிலுள்ள சின்னச் சன்னலால் புறாக்களைத் திறந்து விடுவார்களாம். அவை எதிரியின் வயலில் மேய்ந்துவிட்டுத் தாமாகவே கூட்டுக்கு வருமாம். வந்ததும் கழுத்தைத் திருகிச் சமைப்பார்களாம்.

நான் சொல்லி முடிக்க, பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "திறந்து விட்டும் திரும்பி வந்ததுகளோ?"

"ஓம் அக்கா."

"அப்ப திண்டது சரிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த குகை, உலகப் போரில் குண்டு விழுந்த காலத்தில் சனம் ஒளித்திருந்த இடம். சுவரோரம் நீளமாகக் கல் இருக்கை செதுக்கியிருந்தார்கள். படி ஏறி இறங்கிய களைப்பில் நாங்கள் எல்லோரும் அதில் இருந்தோம். அக்கா உட்காரவில்லை. கூரையைத் தட்டிப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "ஒரு வாசல்தானோ? வளைவும் இல்லை. வாசலிலை ஒரு செல் விழுந்தால் எல்லாரும் உள்ளுக்கையே சரி. மடையங்கள்" என்றார். இதை வழிகாட்டிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்த இருக்கையில்தான் நான் கறுப்புப் பையை வைத்தேன்.

எங்கள் ஆட்கள் இரண்டு நாள் பயணம் என்றாலும் அசல் பேப்பரை வீட்டில் விட்டுவிட்டு வர மாட்டார்கள். பிரதி எடுத்துக்கொண்டு வரலாம், ஆனால் மனம் கேட்காது. என்னுடையதும் மனைவியுடையதும் அகதிப் பயணப் பத்திரம், வதிவிட காட், கலியாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லா அசலும் அந்தப் பைக்குள். நாங்கள் மூன்று பேரும் உலகத்தில் இருக்கிறோம் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி இல்லை.

வழிகாட்டி ஒவ்வொரு குகையாகக் கடக்கக் கடக்கப் பின்னால் விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார். அடுத்த குகைக்குப் படி இறங்கியபோது என் தோளில் பாரம் இல்லை. "பையை விட்டிட்டன்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி, இருட்டாகிவிட்ட பக்கமாகப் படியில் ஏறினேன். கடைசி ஆளாக வந்துகொண்டிருந்த அக்கா நேரே எதிரில் நின்றார். என் சட்டையைப் பிடித்தார்.

"எங்கை போறாய்?"

"பேப்பர் எல்லாம் அங்கை கிடக்குது. விடுங்கோ."

"போகாதை."

"விடுங்கோ அக்கா, ஆக்கள் பாக்கினம்" என்றேன்.

முதலாவது அறையில் எனக்குக் காது அடைத்துப் போனது. இரண்டாவதில் படியில் விழுந்தேன், தாடை கல்லில் மோதியது. பல் உடைந்து நாக்கின் மேல் கிடந்தது. எழும்ப விடவில்லை. என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தார். "போவியோ? போவியோ?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அறை. நான் போக மாட்டேன் என்று சொல்லத்தான் பார்த்தேன், வாயில் இரத்தம் நிறைந்து சொல் வரவில்லை. வழிகாட்டி ஓடி வந்து அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். அக்கா திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் பின்னுக்கு ஒரு இடி. சிவப்புச் சால்வையை மூக்கில் பொத்திக்கொண்டு அந்த நல்ல மனிதர் சுவரோடு சரிந்தார். நாலு ஆண்கள் சேர்ந்துதான் அக்காவைப் பிரித்தெடுத்தார்கள். இருட்டுக்குள் எங்கோ என் மகள் "பப்பா, பப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மேலே டிக்கெட் விற்கிற அறையில் எங்களை இருத்தினார்கள். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஒருவர் வயதானவர், மற்றவர் இளம் ஆள். குழுவிலே இத்தாலியன் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அடி வாங்கியவனே அடித்தவருக்கு மொழிபெயர்க்க வேண்டி வந்தது. வாய்க்குள் பஞ்சு வைத்துக்கொண்டு.

"வழக்குப் போடுங்கோ" என்றாள் மனைவி. "பிள்ளைக்கு முன்னாலை உங்களைப் போட்டு மிதிச்சிருக்கிறா. சும்மா விடாதேங்கோ."

தலைவர் என் காதுக்குள், "தம்பி, அவவின்ரை நசியோனாலித்தே பைல் உள்ளுக்கை கிடக்குது. பொலிஸ் கேஸ் எண்டால் அதோடை முடிஞ்சுது" என்றார்.

குடியுரிமை விண்ணப்பத்தைச் சொன்னார், எனக்கு அது நன்றாகத் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், அது தெரிந்துதான் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் மகள் பார்க்க என்னை நாய் அடிப்பதுபோல அடித்தவரை ஒரே வசனத்தில் தண்டிக்கலாம். வசனத்தை இத்தாலியனில் மனதுக்குள் தயார்செய்தும் வைத்துவிட்டேன்.

வயதான பொலிஸ்காரர், "ஏன் அடித்தார் என்று கேள்" என்றார். கேட்டேன். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொலிஸ்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

"பங்கருக்குள்ளை பதினொரு பேர். மாமி, மச்சாள், பக்கத்துச் சனம். செல் விழுந்துகொண்டிருக்குது. பேப்பர் பாக் வீட்டுக்கை விடுபட்டிட்டுது. ஐடென்ரிக் காட், கலியாண எழுத்து, காணி உறுதி, எல்லாம் அதுக்கை. அவர் எழும்பினார். நான் சாரத்தைப் பிடிச்சன்."

நான் மொழிபெயர்த்தேன்.

"'விடடி, ஆக்கள் பாக்கினம்' எண்டார். மாமி பாத்துக்கொண்டுதான் இருந்தவ. மாமிக்கு முன்னாலை மனுசனுக்கு எப்பிடிக் கை நீட்டுறது. விட்டிட்டன்."

அதையும் மொழிபெயர்த்தேன்.

"பிறகு?" என்றார் பொலிஸ்காரர்.

"பாக் கிடைச்சது. ஒரு கீறல் இல்லை. அதைக் காட்டித்தான் எனக்கு பிரான்சிலை காட் தந்தவை." அக்கா கையை மடியில் வைத்தார். "அண்டைக்கு ஒரு அறை குடுத்திருந்தால் மனுசன் கோவிச்சுக்கொண்டு என்னோடை கதைக்காமல் இருந்திருப்பார். ஒரு கிழமை. கூடிப்போனால் ஒரு மாசம்."

இந்த வசனத்தை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று நினைவில்லை. வாயில் இருந்த பஞ்சை எடுக்க வேண்டி வந்தது மட்டும் நினைவிருக்கிறது. போனுக்குத் திரும்பிய முதலாளி, ஜக்கெற்றுக்கு எழும்பிய பெடியன், பைக்கு ஏறிய நான். எல்லோரும் திரும்பிப் போனவர்கள். இத்தனை வருடம் அந்த மனுஷியிடம் மீன் வாங்கித் தின்றும் அது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நீ முறைப்பாடு கொடுக்கிறாயா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"படி ஈரம். நான் வழுக்கி விழுந்தேன்" என்றேன். மனைவி என் கையை விட்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை.

வழிகாட்டி கதை முழுவதையும் கேட்டார். கண் கலங்கியும் இருந்தது. ஆனால் அவர் வழுக்கி விழவில்லை. முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தார். "அவன்ரை மூக்கு, அவன்ரை வழக்கு" என்றார் அக்கா. அதில் கோபம் ஒன்றும் இல்லை. அந்த வழக்கால் அவருடைய குடியுரிமை மூன்று வருடம் பின்னால் போனது. கிடைத்த அடுத்த வருடமே, எங்கள் ஆட்களின் வழக்கப்படி, பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். பிறகு நான் காணவில்லை.

ஆனால் அன்று இன்னும் முடியவில்லை. நான் சாட்சி என்பதால் என் அடையாளப் பத்திரத்தைப் பொலிஸ்காரர் கேட்டார். பத்திரம் மண்ணுக்குக் கீழே, இருட்டுக்குள், கல் இருக்கையில். இளம் பொலிஸ்காரர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, பையை அடையாளம் காட்ட ஓர் ஆள் வரட்டும் என்றார். நான் எழும்பினேன். தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன்.

"நீ இரு" என்று அக்கா எழும்பினார். "நான் அடிச்சதாலைதானே நீ எடுக்கேல்லை. நான் எடுத்துக்கொண்டு வாறன்."

கீழே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். விளக்கு இருக்கிறது, பொலிஸ்காரர் கூடப் போகிறார், டிக்கெட் வாங்கிய சனம் நாள் முழுக்க ஏறி இறங்குகிற படி. இருந்தும் படியின் வாயில் என் கை தன்பாட்டில் போய் அக்காவின் சால்வைத் தலைப்பைப் பிடித்தது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "விடு தம்பி. ஆக்கள் பாக்கினம்."

உண்மையில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மனைவி, தலைவர், செபக் குழு, பொலிஸ். நான் விட்டுவிட்டேன்.

அவர் இறங்கிப் போனார். காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. குழுவில் ஒரு பெண் மெல்லச் செபமாலை தொடங்கினார். என்னால் சேர்ந்து சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. ஒரு ஆபத்தும் இல்லாத இடத்துக்குப் போன ஒரு மனுஷிக்காகப் படியின் வாயிலேயே காத்து நின்றேன். அருள்நிறை மரியே எத்தனை தடவை போனது என்று தெரியாது. கடைசியில் டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. பொலிஸ்காரர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா. இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகம் முழுக்க வியர்வை.

பையும் வந்தது, அவரும் வந்தார்.

அதுவரை தாயின் பின்னால் ஒளிந்து நின்ற என் மகள் அப்போது பாய்ந்தாள். இரண்டு கையையும் பொத்தி அக்காவின் வயிற்றில் குத்தினாள். குத்திக்கொண்டே, ஏன் என்று பிரெஞ்சில் கத்தினாள். "பூர்க்குவா? பூர்க்குவா?" மனைவி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். பெரிய ஆளுக்குப் பிள்ளை கை நீட்டுவதை யாரும் கண்டதில்லை. குழுவில் இருந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அக்கா கையைக் காட்டி மனைவியை நிற்கச் சொன்னார். பையை என் கையில் கொடுத்தார். பிறகு முழங்காலிட்டு மகளின் உயரத்துக்கு வந்தார்.

"பப்பா திரும்பிப் போகப் பாத்தார் பிள்ளை. இனியும் போவார், அவரின்ரை குணம் அது. போனால் நீ அடி."

மகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அக்கா அவளுடைய பொத்திய கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"குத்தாதை. குத்தினால் உனக்குத்தான் நோகும். இப்பிடி, விரிச்சு. ஆர் பாத்தாலும் அடி."

மகள் அவரை அறைந்தாள். சின்னக் கை, சத்தம் வரவில்லை. அக்கா இல்லை என்று தலையாட்டினார். மகள் இன்னொரு முறை அறைந்தாள். இம்முறை சத்தம் டிக்கெட் அறை முழுக்கக் கேட்டது.

"ஓம்" என்றார் அக்கா.